சரிவில் உடைத்த பூசணிக்காய்

1

இந்தக் கதை விழுப்புரத்தில், ஒரு ஜவுளிக் கடையின் கார் நிறுத்துமிடத்தில், நான் மல்லாந்து கிடந்தபோது பிறந்தது. மறைத்துப் பயனில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள். தூறல். வழவழவென்று டைல்ஸ். அதன்மேல் யாரோ பக்தியோடு போட்டு உடைத்திருந்த பூசணிக்காய். அதன்மேல் நான்.

கதை எப்படி வருகிறது என்று எழுத்தாளர்களைப் பேட்டிகளில் கேட்கிறார்கள். கனவில் வந்தது என்கிறார் ஒருவர். ரயில் ஜன்னல் வழியாக வந்தது என்கிறார் இன்னொருவர். எனக்கு இடுப்பு வழியாக வந்தது.

என்னைத் தூக்கி உட்காரவைத்த காவலாளி, சட்டையில் ஒட்டியிருந்த விதைகளைத் தன் தொப்பியால் தட்டிவிட்டுச் சொன்னார்: "நல்ல நேரம் சார். பூசணிக்காய் ஒடச்சி வெச்சிருந்ததால இதோட போச்சி. இல்லன்னா காலே போயிருக்கும்."

கிண்டலோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனுஷன் மனசாரச் சொல்கிறார். அந்த வாக்கியத்தையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். தைலம் தேய்த்துக் கவிழ்ந்து படுத்தபடியே எழுத ஆரம்பித்தேன். அதனால் இதில் சில வாக்கியங்கள் மூச்சு வாங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

(நீ விழுந்ததையே எழுதியிருக்கலாமே என்பீர்கள். நாலு பேர் சிரித்ததைத் தவிர அதில் ஒன்றுமில்லை. இந்த ஊரில் எழுத்தாளன் விழுந்தால் டீக்கடையில்கூடப் பேச மாட்டார்கள்.)

2

முதல் தொடக்கம்: "வடகிழக்குப் பருவமழை தன் ஈர விரல்களால் திண்டிவனத்தின் தோளை மெல்லத்—"

வேண்டாம். மழைக்கு விரல் கொடுத்தால் அடுத்து மோதிரம் போட வேண்டியிருக்கும். தவிர, புயல் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற மாவட்டம் இது. இங்கே மழை யார் தோளையும் மெல்லத் தொடாது. கேட்காமல் உள்ளே வந்து கட்டில்மேல் ஏறி உட்காரும்.

இரண்டாவது தொடக்கம்: "இருதயராஜ் நேர்மையானவன், கடமையே கண்ணாக—"

இதற்கு மேல் எழுதினால் அவனுக்குச் சிலை வைக்க வேண்டும்.

மூன்றாவது: "திண்டிவனத்தில் புறவழிச்சாலையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது."

இது போதும். அலங்காரம் இல்லை, பொய்யும் அவ்வளவாக இல்லை. மேலே மண்டபம். கீழே பூமிக்கடியில் கார் நிறுத்துமிடம். சாலை மட்டத்திலிருந்து கார்கள் கீழே இறங்க ஒரு சாய்வுப் பாதை. எஞ்சினியர் அதை 'ரேம்ப்' என்பார், வேலையாட்கள் 'ரேம்பு' என்பார்கள், நான் சரிவு என்கிறேன். இந்தக் கதை முழுக்க அந்தச் சரிவில்தான் நடக்கிறது. வேறெங்கும் உங்களை அலைய விடமாட்டேன்.

அங்கே இருதயராஜ் சேஃப்டி சூப்பர்வைசர். வளைகுடாவுக்குப் போகலாம் என்று சேஃப்டி டிப்ளமோ படித்தான். விசா வரவில்லை, திண்டிவனம் வந்தது. அவன் பெயரை முழுதாகச் சொல்ல வேலையாட்களுக்குப் பொறுமை இல்லை. 'இருதயம்' என்று வெட்டிவிட்டார்கள். காலையில் வாசலில் யாராவது ஒருத்தர் "இருதயம் இருக்குதா?" என்று கேட்பதும், இன்னொருத்தர் "இருந்திச்சி, இப்பதான் டீ குடிக்கப் போச்சி" என்பதும் தினசரி நடக்கும் நாடகம். அவனும் சிரித்துக்கொள்வான். அந்தச் சிரிப்பில் அவனுக்கு அங்கே ஓர் இடம் கிடைத்திருந்தது. மதியம் அவனைத் தங்களோடு உட்காரவைத்துக் குழம்பு ஊற்றுவார்கள். தொப்பி போட்டுக்கொண்டு மேலே நின்று கத்துகிற ஆளுக்கு எல்லாத் தளத்திலும் குழம்பு கிடைக்காது.

புரட்டாசி பாதியிலேயே அவன் மழைக்கு ஏற்பாடு பண்ண ஆரம்பித்துவிட்டான். தரையில் பாம்பு மாதிரி கிடந்த கரண்ட் வயர்களைக் கம்பங்களில் தூக்கிக் கட்டவைத்தான். சாரத்துப் பலகைகளில் பாசியைச் சுரண்டவைத்தான். கீழே தேங்கும் தண்ணீரை வெளியேற்ற மோட்டார், பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு, மண் சரியாமல் இருக்க மணல் மூட்டை. 'ஈரத்தரை, கவனம்' என்று மஞ்சள் பலகை. (அதன்மேல் ஒருவர் கைலி காயப்போட்டிருந்தார்.)

பெரிய சண்டை சரிவுக்காக நடந்தது. தலைமைக் கொத்தனார் பச்சைமுத்து மேஸ்திரி, சரிவில் கான்கிரீட் போட்டுக் கரணையால் இழைத்து இழைத்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தார். இருதயராஜ் ஒரு தென்னந்துடைப்பத்தை நீட்டினான்.

"காயறதுக்குள்ள இதால கோடு இழுங்க மேஸ்திரி. அப்பதான் டயருக்கும் காலுக்கும் பிடிப்பு."

"யோவ், மூஞ்சி தெரியற மாதிரி இழைச்சி வெச்சிருக்கன். அதுல போயி தொடப்பத்தால கீறச் சொல்றியே, நீயெல்லாம் மனுசனா?"

"மூஞ்சி பாக்கறதுக்கு கண்ணாடி வாங்கித் தர்றேன். கோடு போடுங்க."

மேஸ்திரி திட்டிக்கொண்டே கோடு இழுத்தார். அழகான கோடுகள். சரிவின் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை, விரல்நுனி பதிகிற ஆழத்தில். இருதயராஜ் வெறுங்காலால் நடந்து பார்த்தான். கால் நின்றது.

(இன்னொரு வரைவில் இருதயராஜுக்கு ரோஜா என்று ஒரு மனைவி இருந்தாள், நிறைமாதமாக. உங்கள் அனுதாபத்தைச் சேகரிக்கத்தான். திரும்பப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்ததால் அடித்துவிட்டேன். இப்போது அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒரு வரியை அடித்ததில் ஒரு குடும்பமே போய்விட்டது.)

3

ஆயுத பூஜை வந்தது. கலவை மெஷினுக்குப் பொட்டு, மண்வெட்டிக்குப் பொட்டு, கடப்பாரைக்குப் பொட்டு. அதோடு திருஷ்டி பூசணிக்காய். வாசலில் ஒன்று, மெஷினுக்கு ஒன்று, சரிவின் தலைப்பில் ஒன்று என்று மேஸ்திரி முடிவு பண்ணியிருந்தார்.

இருதயராஜ் சரிவின் தலைப்பில் போய் நின்று கீழே பார்த்தான். வாசலில் உடைக்கட்டும், மெஷினுக்கு உடைக்கட்டும். சரிவில் உடைத்து, அன்றைக்குப் பார்த்து மழை வந்தால் அத்தனை கூழும் கீழே வழியும். ஆனால் வேண்டாம் என்று அவன் சொல்ல முடியாது. அவன் கிறிஸ்தவன். எங்கள் பக்கம் 'வேதக்காரன்' என்போம். சாதாரணமாக அது வெறும் அடையாளம், வசவு கிடையாது. ஆனால் பூசணிக்காய் உடைக்காதே என்று அவன் சொன்ன நிமிஷத்தில் அந்தச் சொல் நிறம் மாறும். வழுக்கும் என்று அவன் சொல்வது யார் காதிலும் ஏறாது. வேதக்காரன் பூஜையை நிறுத்தினான் என்பதுதான் ஏறும். குழம்பு நின்றுவிடும்.

ஆகவே சரிவை ஒட்டிய ஆபீஸ் அறையில் ஓனரைப் போய்ப் பார்த்தான்.

இந்த ஓனர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கதையில் மண்டப ஓனர் என்றால் தொப்பை இருக்க வேண்டும், விரலுக்கு விரல் மோதிரம் இருக்க வேண்டும், கூலியில் பிடித்தம் செய்ய வேண்டும். ஸ்ரீசந்திரன் நயினார் ஒல்லியாக இருக்கிறார். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். நடக்கும்போது தரையைப் பார்த்து, எறும்பை மிதிக்காமல் நடப்பார். செஞ்சிப் பக்கத்துச் சமணர். சமணர் என்றதும் வடக்கத்திக்காரர் என்று முடிவுகட்டுகிற வாசகருக்காகச் சொல்கிறேன்: இவர் வீட்டில் எத்தனையோ தலைமுறையாகத் தமிழில்தான் சண்டை போடுகிறார்கள். வில்லன் இல்லாமல் கதையை எப்படி நகர்த்துவது என்று எனக்குக் கவலை. ஆனால் இவர்தான் வந்தார், இவரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

"ஐயா, ரேம்பு தலைப்புல பூசணிக்காய் ஒடைக்கணும்னு மேஸ்திரி சொல்றாருங்க."

நயினார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "குங்குமம் போட்டா?"

"போட்டுதாங்க."

"அது காய் இல்ல தம்பி. ஆடுன்னு நெனச்சிக்கினு வெட்டறது. மனசுல ஆட்டை வெட்டிட்டப்புறம், கையில இருக்கறது காயா இருந்தா என்னா, ஆடா இருந்தா என்னா? பாவம் ஒண்ணுதான்."

இருதயராஜுக்கு உயிர் வந்தது. "அப்ப ஐயாவே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"நானா?" நயினார் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன வருசம் சொன்னேன். ஒடைக்கல. அடுத்த மழையிலயே அந்தம்மா வழுக்கி வுழுந்து கை ஒடஞ்சிது. ஊர்ல என்னா பேசுனாங்க தெரியுமா? நயினாரு போட வேண்டியத போடல, அது ஏழை மேல எறங்கிடுச்சின்னு. இந்த வருசம் நீ சொல்லு. நான் சொன்னா மதம். நீ சொன்னா சேஃப்டி."

"ஐயா, நான் சொன்னாலும் மதம்தாங்க."

நயினார் வறுத்த மல்லாட்டைத் தட்டை (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அவன் பக்கம் நகர்த்தினார். இருவரும் ஆளுக்கொரு பிடி எடுத்து உரித்துத் தின்றார்கள். திண்டிவனத்தில் மத நல்லிணக்கம் அன்று அந்த அளவில் நின்றது.

4

நயினார் சொன்ன 'அந்தம்மா' யார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். லட்சுமியம்மாள். சித்தாள். கலவைச் சட்டி சுமப்பாள். போன மழையில், சரிவு வெறும் பலகைப் பாதையாக இருந்தபோது, பாசியில் கால் வழுக்கிக் கீழே போய் மணிக்கட்டு ஒடிந்தது. இருதயராஜ்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். வழி முழுக்க அவள் நல்ல கையால் அவன் கையைப் பிடித்திருந்தாள். ஒடிந்த கை இப்போது கூடிவிட்டது. ஆனால் முழுதாகத் திரும்பாது.

அவள் மேல்மலையனூருக்கு அமாவாசைக்குப் போய்வந்து, குங்குமப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தாள். நேராக இருதயராஜிடம் வந்தாள்.

(நிறுத்துகிறேன். மேலே பாருங்கள். நயினாருக்கு 'கழற்றினார்', 'தாழ்த்தினார்', 'நகர்த்தினார்'. மேஸ்திரிக்கும் 'இழுத்தார்'. லட்சுமியம்மாளுக்கு மட்டும் 'வந்தாள்'. வயதில் என் அம்மாவுக்குச் சமமாக இருப்பார். யாரும் என்னிடம் அப்படி எழுதச் சொல்லவில்லை. சட்டி சுமக்கிற பெண் என்றதும் பேனா தானாக மரியாதையை இறக்கி வைத்துவிட்டது. பழைய வரிகளைத் திருத்தப் போவதில்லை, கிடக்கட்டும், பார்த்தால் உறைக்கும். இனிமேல் அவர்.)

வந்தார்.

"இருதயம் சார், ரேம்பு தலைப்புல கண்டிப்பா ஒண்ணு ஒடைக்கணும். நீ மேஸ்திரிகிட்ட வேணாம்னு சொல்லிக்கினு இருக்கியாமே?"

"இன்னும் சொல்லலம்மா. மழ வந்தா வழுக்கும். போன வருசம் பட்டது பத்தாதா?"

"போன வருசம் ஒடச்சாங்களா?"

"இல்ல."

"வழுக்குச்சா?"

"வழுக்குச்சி."

"அப்ப?"

"அது பாசிம்மா. பலகைமேல பாசி புடிச்சிருந்திச்சி."

"பாசி எல்லா மழைக்குந்தான் புடிக்குது. எல்லாருந்தான் அதுமேல நடந்தாங்க. என் கைய மட்டும் ஏன் ஒடச்சிது?"

டிப்ளமோவில் இந்தக் கேள்வி வரவில்லை. வேறெந்தப் படிப்பில் வருகிறது என்று எனக்கும் தெரியாது. லட்சுமியம்மாள் ஒடிந்து கூடிய கையைத் திருப்ப முடிந்த அளவு திருப்பிக் காட்டினார்.

"நீ வேதக்காரன், ஒனக்கு இதெல்லாம் தெரியாது. தப்பா சொல்லல. நீ நல்ல புள்ள. ஆனா இன்னொரு வாட்டி வுழுந்தா எனக்கு வேல இல்ல. எனக்கு பயமா இருக்குது சார்."

அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. அவர் எதற்குப் பயந்தாரோ அதே விழுதலை நினைத்துத்தான் அவனும் பயந்தான். உடைக்காவிட்டால் விழுவோம் என்று அவர். உடைத்தால் விழுவார் என்று அவன். இரண்டு பேரும் ஒரே காலைக் காப்பாற்றத்தான் பாடுபட்டார்கள்.

5

கடைசியில் இருதயராஜ் மேஸ்திரியிடம் போனான்.

"ஒடைங்க மேஸ்திரி. ஆனா ஒடச்ச ஒடனே அள்ளிடணும்."

பச்சைமுத்து மேஸ்திரி பதறிவிட்டார். "அள்ளறதா? திருஷ்டி கழிச்சத எவன்யா தொடுவான்? தொட்டவன் மேல ஏறிக்கும்."

"நான் அள்ளறேன்."

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அட ஆமாயா! நீ வேதக்காரன் இல்ல? ஒனக்குதான் ஒட்டாதே! தாராளமா அள்ளு!"

எந்தச் சொல்லுக்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தானோ, அந்தச் சொல்லே கையில் மண்வெட்டியைக் கொடுத்து அனுப்புகிறது. இருதயராஜுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

(மேலே உள்ள வாக்கியம் சுமார்தான். வேறு கிடைக்கவில்லை.)

பூஜை நடந்தது. நயினார் காரில் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே காரை நிறுத்தி, உள்ளேயே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சரிவின் தலைப்பில் மேஸ்திரி பூசணிக்காயின்மேல் கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்று சுற்றி, லட்சுமியம்மாள் கொடுத்த குங்குமத்தைக் கொட்டி, ஓங்கிப் போட்டார். சிவப்புச் சாறும் வெள்ளைச் சதையும் விதையுமாகச் சிதறியது. லட்சுமியம்மாள் கண்ணில் நீரோடு கும்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நயினார் கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "முடிஞ்சிதா?" என்று கேட்டார்.

முடிந்தது என்று யாரும் சொல்வதற்குள் மழை கொட்டியது. எல்லோரும் பொரியையும் சுண்டலையும் மடியில் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள். இருதயராஜ் மட்டும் மண்வெட்டியோடு சரிவில் நின்றான். அவன் அள்ளுவதற்கு முன்பே மழை அள்ளிக்கொண்டு போனது. கூழ் அவனைத் தாண்டிக் கீழே வழிந்தது. அவன் அதைத் துரத்தித் துரத்திச் சுரண்டினான். கொட்டகையிலிருந்து, "இருதயம், அந்தப் பக்கம் ஒரு துண்டு!" என்று உற்சாகமாக வழிகாட்டினார்கள். கிரிக்கெட் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு அக்கறையாகச் சொல்ல மாட்டார்கள். தெரிந்ததையெல்லாம் அள்ளி மூட்டையாகக் கட்டிய பிறகுதான் அவனும் பொரி தின்னப் போனான்.

6

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள். நல்ல நேரத்துக்குள் முதல் சட்டிக் கலவை சரிவில் இறங்கிக் கீழ்த்தளத்தில் விழ வேண்டும். முதல் சட்டியை லட்சுமியம்மாள்தான் சுமக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். போன வருஷம் விழுந்த அவரே இறங்கினால்தான் கழிப்பு கழிந்ததாக அர்த்தம்.

தூறிக்கொண்டிருந்தது. இருதயராஜ் சரிவைப் பார்க்க முன்னால் போனான். பளிச்சென்று சுத்தமாக இருந்தது. பாதியில் குனிந்தான். அப்புறம் மண்டி போட்டான்.

துடைப்பத்தால் இழுத்த கோடுகள் ஒவ்வொன்றிலும் பூசணி விதைகள். ராத்திரி முழுக்க மழை கழுவியதில் மேலே இருந்ததெல்லாம் போயிருந்தது. போகாததைக் கோடுகள் பிடித்து வைத்துக்கொண்டன. விதைகளைச் சுற்றி வழவழவென்று குங்குமக் கூழ். அவன் சண்டை போட்டு வாங்கிய கோடுகள். பிடிப்புக்காகப் போட்டவை. நன்றாகவே பிடித்திருக்கின்றன.

விரல் வைத்தான். சர்ரென்று போனது.

தென்னந்துடைப்பத்தை எடுத்து வந்து பரபரவெனத் தேய்த்தான். சாக்கு விரித்தால் சரியாகும். சாக்கெல்லாம் நனைந்து கீழ்த்தளத்தில் கிடந்தது. மேலே மேஸ்திரி மணியைப் பார்த்துக்கொண்டு, "ஜல்தியா வாம்மா, நேரம் போவுது!" என்றார். லட்சுமியம்மாள் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார். இரண்டு பேர் சட்டியைத் தூக்கி அவர் தலையில் வைத்தார்கள். அவர் இருதயராஜ் கொடுத்த ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். சாமிக்கு இறங்குகிற முதல் சட்டி, செருப்போடு இறங்கலாமா?

முதல் சட்டி தலையில் ஏறிவிட்டால் நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் கட்டடம் நின்றுவிடும் என்பார்கள். நிறுத்தினவன் யார் என்று அப்புறம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

7

இப்போது முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

முடிவு அ: லட்சுமியம்மாள் விழுகிறார். சட்டி உருள்கிறது. மேஸ்திரி, 'முழுசா அள்ளுடான்னா கேட்டானா' என்று இருதயராஜைத் திட்டுகிறார். மழை. கனமான முடிவு. பத்திரிகையில் போடுவார்கள். 'ஏழைகளின் வாழ்வைப் பற்றிய கூர்மையான பதிவு' என்று எவராவது எழுதுவார்கள். எழுதியவர் கார் நிறுத்துமிடத்தில் வழுக்கியிருக்க மாட்டார்.

முடிவு ஆ: இருதயராஜே விழுகிறான். சேஃப்டி ஆளுக்கே சேஃப்டி இல்லை. சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் மறந்துவிடலாம்.

முடிவு இ: ஒன்றும் ஆகவில்லை. லட்சுமியம்மாள் சுகமாக இறங்கிவிடுகிறார். பார்த்தியா, பூசணிக்காய் உடைத்ததால்தான் என்கிறார்கள். இருதயராஜ் தலையை ஆட்டிவிட்டுக் குழம்பு சாப்பிடப் போகிறான். உண்மையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆனால் 'இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிவந்தாய்' என்று நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

ஏன் திட்டுவீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். வயதான ஒரு பெண், ஒருதரம் ஒடிந்த கை, ஈரச் சரிவு, வெறுங்கால், தலையில் பாரம். எல்லாவற்றையும் நான்தான் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். பூட்ஸைக் கழற்ற வைத்தது நான். சாக்கை நனைத்தது நான். கதை நன்றாக நிற்க வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்தில் ஒருவரைப் போட்டு உடைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. மேஸ்திரியாவது காயை உடைத்தார். நான் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மனசில் வெட்டினாலும் பாவம்தான் என்று நயினார் சொன்னதை அன்று பாதி காதில்தான் வாங்கினேன். அவர் பேசியது காயைப் பற்றி மட்டுமில்லை போலிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

8

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

லட்சுமியம்மாள் சரிவில் முதல் அடி வைத்தார். இரண்டாவது அடியும் வைத்தார். இருதயராஜ் பாதிச் சரிவில் மண்டி போட்டபடி அண்ணாந்து பார்த்தான். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மதியத்துக் குழம்பு தெரிந்தது. வாசலில் தன்னைக் கேட்டு நடக்கும் அந்தச் சிரிப்பு தெரிந்தது. வேதக்காரன் என்ற சொல் இனி எப்படிச் சொல்லப்படும் என்பதும் தெரிந்தது.

"லட்சுமியம்மா, நில்லுங்க! நிக்கணும்! கால எடுக்காதீங்க!"

தளமே திரும்பிப் பார்த்தது. மேஸ்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. "யோவ், மொத சட்டிய நிறுத்தறியா? நீ யாருயா நிறுத்தறதுக்கு? எம்மா, நிக்காத, நீ எறங்கு!"

"எறங்காதீங்கம்மா!"

லட்சுமியம்மாள் நின்றுவிட்டார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. இறங்கச் சொல்வது ஒரு குரல், நிற்கச் சொல்வது ஒரு குரல். இருதயராஜ் மேலே ஏறப் பார்க்கிறான், அவனுக்கே கால் வழுக்குகிறது. மேஸ்திரி அசையவில்லை, மற்றவர்களும் அவரைப் பார்த்து அசையவில்லை.

கலவைச் சட்டியைச் சுமந்தவர் தானே தலையிலிருந்து இறக்க முடியாது. எதிரே நின்று இன்னொருவர் இரண்டு கையாலும் தாங்க வேண்டும். ஒடிந்து கூடிய கை சட்டியின் விளிம்பில் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வாக்கியத்தை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் என் கை எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. இந்தக் கதையில் அவருக்கு இப்போது மிகப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.

லட்சுமியம்மாளும் உங்களைப் பார்த்துவிட்டார்.

"என்னா பாத்துக்கினே நிக்கிற?" என்றார். "புடி."